ஏறும் வண்டி

விண்ணப்பத்தில் முதல் கட்டம் வண்டியின் பெயருக்கு.
இரண்டாவது, தயாரித்த வருஷம்.
மூன்றாவது, கடைசியாகச் சொந்தக் காலில் ஓடிய தேதி.
என் பெயருக்கு அடியில் அரை விரல் இடம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அறுபத்தைந்து.
கோத்தகிரி எஸ்டேட் ஏலத்தில்
தண்ணித் தொட்டிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே
யாரும் கேட்காமல் நின்றதைக்
கை தூக்கி வாங்கிவிட்டேன்.
ஏன் என்று வீட்டில் கேட்டார்கள்.
பதிலை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.
டெம்போவில் வந்து இறங்கியது,
நாலு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தது,
அப்புறம் அசையவில்லை.

ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்காகத்தான் சங்கத்துக்குப் போனேன்.
கிடைத்ததும் நின்றுவிடலாம் என்று.

குன்னூர், பெட்போர்டு பக்கம்,
பூட்டிக் கிடந்த ஒரு டீ கோடவுன்.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.
திறந்த பானெட்டுக்குள் எட்டுத் தலைகள்.
எனக்கு முதலில் அறிமுகமானவை பின்புறங்கள்தான்.

"ஹெரால்டு வந்தாச்சா?"
திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.
அங்கே நோரீன் அம்மாள் கிடையாது, மோரிஸ் மைனர்.
ரஹ்மத்துல்லா கிடையாது, பியட்.
கட்டபெட்டு பேக்கரி பெள்ளி, ஆஸ்டின்.
"ஆஸ்டினுக்குச் சர்க்கரை, டீயில் கம்மியாப் போடு."
"மோரிஸுக்கு முட்டி வலிக்குது, மழை வரும்."
யாரைப் பற்றிப் பேச்சு என்று
முதல் மாதம் பிடிபடவில்லை.
மூன்றாம் மாதம் அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

சந்தா கட்டினேன். கணக்கு நோட்டைக் கையில் கொடுத்தார்கள்.
டீ, வர்க்கி: நூற்றி நாற்பது.
கேஸ்கெட் பசை: தொண்ணூறு.
மோரிஸைத் தள்ளியவர்களுக்கு மறுபடியும் டீ: அறுபது.
நாலாம் மாதம் மூடி கிடைத்தது.
நான் நின்றுவிடவில்லை.
ஏழு மாதத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை
என்ன வேலை பார்க்கிறாய் என்று.

ஜூலை. ஜன்னல் முழுக்க மூடுபனி.
எக்ஸ்ரே அறை வாசல் பெஞ்சில்
வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு
ஆஸ்டின்.

"ஹெரால்டு! நீ இங்க என்ன பண்ற?
யாருக்கு அடி?"
போட்டிருந்த ஈய அங்கியைக் காட்டினேன்.
அப்போதும் நம்பவில்லை.

ஹாண்டில் சுற்றியிருக்கிறார்,
கட்டை விரலை மடக்கி இறுக்கிப் பிடித்து.
எஞ்சின் திருப்பி உதைத்திருக்கிறது.
தட்டின்மேல் கையை வைத்து, ஆடாதீங்க என்றேன்.
"அதைக் காலையில் வண்டியிடம் சொல்லியிருக்கணும்."

படத்தில், மணிக்கட்டுப் பக்கம்,
ஆர எலும்பின் நுனியில் சாய்வாக ஒரு மயிரிழை.
இதற்குப் பாடத்தில் பெயர் உண்டு: டிரைவர் முறிவு.
ஹாண்டில் சுற்றிய காலத்தில் வைத்தது.
இருபத்தாறு வருஷ சர்வீஸில்
ஸ்கூட்டரில் விழுந்தவர்கள்,
பாசியில் வழுக்கியவர்கள்,
பலா மரத்திலிருந்து இறங்கத் தெரியாதவர்கள்
இந்தப் பெயரோடு வந்து போயிருக்கிறார்கள்.
நிஜமான ஹாண்டிலால் வந்தவர் இவர்தான் முதல்.
சொன்னேன்.
வலியை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் கேட்டார்:
"இன்னொரு காப்பி போட்டுத் தருவியா?
சங்கத்துச் சுவரில் மாட்டணும்."

ஆகஸ்டில் மலையேற்றம், கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை.
ஆஸ்டினை யார் எடுப்பது என்று கூட்டத்தில் பேச்சு.
செங்கல்மேல் வண்டி வைத்திருப்பவள்
நான் ஒருத்திதான், ஓட்டக் கை காலியாக.

மாவுக்கட்டோடு இடப்பக்கம் உட்கார்ந்தார்.
பர்லியார் வரைக்கும் வாய் ஓயவில்லை.
அங்கே ஒரு கூறு மங்குஸ்தான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு
ஒரு கையால் உரிக்கத் தெரியாமல் அமைதியானார்.
கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தது.

ஒன்பதாம் வளைவில் ரேடியேட்டர் கொதித்தது.
முன்னே போனவை, பின்னே வந்தவை எல்லாம் நின்று
எட்டுத் தலைகள் உள்ளே.
அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு
மோரிஸின் சாண்ட்விச்சைப் பொட்டலத்தோடு கொண்டுபோனது.

பன்னிரண்டாம் வளைவு. மேலிருந்து அரசு பஸ்.
முதல் கியரில் நான்,
போகிறேனா நிற்கிறேனா என்று எனக்கே தெரியாத வேகம்.
ஏறும் வண்டிக்கு வழி விடவும், என்கிறது பலகை.
விட்டார்.
ஓரம் கட்டி, ஜன்னலில் எட்டிக் கேட்டார்:
"யார் வண்டிம்மா இது?"

ஆஸ்டின் என்னைப் பார்த்தார்.
பதில் சொல்லலாம்தான்.
நின்றால் மறுபடி ஹாண்டில் சுற்றணும்.
யார் கை மிச்சம் என்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.